நெஞ்சு நீர், வயிற்று நீரில் புற்றுச் செல்லை மார்க்கர் கொண்டு உறுதி செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

நெஞ்சிலோ வயிற்றிலோ கோத்த நீரை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வந்து நிற்கும். கொத்துக் கொத்தாகப் பெரிய செல்கள் தெரிகின்றன. அவை நெஞ்சு, வயிற்றின் உள் உறையின் சொந்தச் செல்களான மீசோதீலியல் செல்கள் பெருகி நிற்பதா, வேறு உறுப்பிலிருந்து வந்து சேர்ந்த புற்றா? கல்லீரல் சுருக்கம், நுரையீரலில் ரத்தக்கட்டி, கீமோ, கதிர்வீச்சு என்று எந்த எரிச்சல் வந்தாலும் மீசோதீலியல் செல் பெரிய உட்கருவோடு புற்றுபோலவே தோன்றும். மறுபக்கம், மார்பகத்தின் லோபுலார் புற்றும் இரைப்பையின் சிக்னெட் செல் புற்றும் தனித்தனிச் செல்லாகச் சாதுவாக மிதக்கும். கண்ணை மட்டும் நம்பினால் இரண்டு பக்கமும் தவறலாம்.

அந்த இடத்தில்தான் இம்யூனோ மார்க்கர்கள் (செல்லின் குறிப்பிட்ட புரதத்தை ஆன்டிபாடியால் பிடித்துப் பழுப்பாகக் காட்டும் சாயங்கள்) கைகொடுக்கின்றன. இந்த வழிகாட்டி நோயியல் முதுநிலை மாணவர்களுக்கும், செல் பிளாக்கில் (நீரிலுள்ள செல்களைத் திரட்டி மெழுகில் பதித்த துண்டில்) இம்யூனோ சாயம் போடத் தொடங்கியிருக்கும் ஆய்வகங்களில் உள்ள டெக்னீஷியன்களுக்கும். எல்லாப் படிகளிலும் நினைவில் வைக்க வேண்டிய ஒன்று உண்டு: மார்க்கர் ஒரு செல் எந்தக் குலத்தைச் சேர்ந்தது என்று சொல்லும். அது கெட்ட செல்லா நல்ல செல்லா என்று பெரும்பாலான மார்க்கர்கள் சொல்வதில்லை. புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பங்கு இதை மறப்பதால் வருவது. அதனால்தான் படிகளின் வரிசைக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் நோயாளியின் விவரம். வயது, பாலினம், எந்தப் பக்கத்து நீர், முன்பு புற்றுநோய் இருந்ததா, கீமோ அல்லது கதிர்வீச்சு எடுத்தாரா, ஸ்கேனில் என்ன தெரிந்தது. விண்ணப்பத் தாளில் 'ப்ளூரல் எஃப்யூஷன் (நெஞ்சு நீர்), காரணம் தெரியவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தால் வார்டுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். அந்தச் சிறு விசாரிப்பு பல ஆன்டிபாடிகளின் செலவை மிச்சப்படுத்தும். பழைய பயாப்ஸி பிளாக் உங்கள் ஆய்வகத்திலேயே இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். பழைய கட்டியோடு ஒப்பிடுவதுபோல் உறுதியான சாட்சி வேறில்லை.

பொருட்களில் சென்ட்ரிஃப்யூஜ், 95 சதவீத ஆல்கஹால், பிளாஸ்மா, த்ராம்பின், 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின், திசு கழன்று போகாத பூச்சுள்ள ஸ்லைடுகள் ஆகியவை அவசியம்.

எல்லா ஆன்டிபாடியையும் வாங்க முடியாத ஆய்வகம் எதில் தொடங்குவது? கால்ரெட்டினின், டபிள்யூ.டி.1, கிளாடின்-4, எம்.ஓ.சி-31 ஆகிய நான்கில் தொடங்கலாம். எம்.ஓ.சி-31 கிடைக்காவிட்டால் பெர்-ஈ.பி.4 போதும், இரண்டும் ஒரே புரதத்தைத்தான் பிடிக்கின்றன. அதனாலேயே அவற்றை இரண்டு தனிச் சாட்சிகளாக எண்ணக் கூடாது. அடுத்த தவணையில் டி.டி.எஃப்-1, காட்டா-3, பாக்ஸ்-8, சி.டி.எக்ஸ்-2. பிறகு பி.ஏ.பி.1. இந்த ஒன்பது ஆன்டிபாடிகளை நன்றாகப் பழக்கப்படுத்திய ஆய்வகம், முப்பது ஆன்டிபாடிகளை அரைகுறையாக வைத்திருக்கும் ஆய்வகத்தைவிட நம்பகமானது.

1. நீர் ஆய்வகத்துக்கு வரும் விதத்தைச் சரி செய்யுங்கள்

குறைந்தது 50 முதல் 75 மி.லி. வரை கேளுங்கள். ஒரு லிட்டர் நீரை வடித்துக் கொட்டிவிட்டு 5 மி.லி. சிரிஞ்சில் அனுப்பும் பழக்கம் பல வார்டுகளில் இருக்கிறது. அந்த 5 மி.லி.யில் ஸ்மியர் போடலாம். உருப்படியான செல் பிளாக் வராது.

நீர் உறைந்து கட்டியாகாமல் இருக்க ஹெப்பாரின் அல்லது ஈ.டி.டி.ஏ. சேர்த்த பாத்திரம் நல்லது. செல்கள் கட்டிக்குள் சிக்கிக்கொண்டால் ஸ்மியரில் ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே கட்டி விழுந்திருந்தால் எறியாதீர்கள். அதைத் தனியே ஃபார்மலினில் போட்டுச் செல் பிளாக்காகச் செய்யுங்கள். பல நேரம் புற்றுச் செல் அதற்குள்தான் இருக்கும்.

உடனே பார்க்க முடியாவிட்டால் 4 டிகிரி குளிரில், ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். நீரிலுள்ள புரதமே செல்களைச் சில நாள் காப்பாற்றும். ஃப்ரீசரில் வைத்தால் செல்கள் வெடித்துவிடும். வார்டிலேயே ஸ்பிரிட்டோ ஃபார்மலினோ ஊற்றி அனுப்பச் சொல்லாதீர்கள். காரணம் இரண்டு: காற்றில் உலர்த்திய ஸ்மியர் போடும் வாய்ப்பு போய்விடும், செல்களை உறைய வைக்கும் த்ராம்பின் வேலையும் கெட்டுவிடும்.

லிம்போமா (லிம்போசைட்டுகளின் புற்று) சந்தேகம் இருந்தால் ஒரு பங்கு நீரைப் புதிதாகவே ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு வகை பார்க்கும் சோதனை) ஒதுக்குங்கள். ஃபார்மலினில் போட்ட பிறகு அந்தக் கதவு மூடிவிடும்.

2. ஸ்மியரைப் பார்த்துக் கேள்வியை எழுதுங்கள்

பாத்திரத்தை மெல்லக் கலக்கி, பங்கு எடுத்து, சென்ட்ரிஃப்யூஜில் 10 நிமிடம் சுற்றுங்கள். அடியில் தங்கியதில் இரண்டு ஸ்மியர் ஆல்கஹாலில் போட்டு பாப் சாயத்துக்கு, இரண்டு காற்றில் உலர்த்தி கீம்சாவுக்கு. ரத்தம் கலந்த நீரானால், சுற்றிய பின் சிவப்பணுக்களின் மேல் படியும் மெல்லிய வெண்படலத்தைப் பிப்பெட்டால் உறிஞ்சி எடுங்கள். நாம் தேடும் செல்கள் அங்கேதான் இருக்கும்.

இப்போது ஆன்டிபாடி பட்டியலைத் தொடாதீர்கள். முதலில் ஸ்மியரில் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: இங்கே ஒரே குடும்பத்துச் செல்கள் மட்டும் இருக்கின்றனவா, இரண்டாவது கூட்டம் ஒன்று இருக்கிறதா?

எரிச்சலில் பெருகிய மீசோதீலியல் செல்களில் ஒரு தொடர்ச்சி தெரியும். சிறியது, நடுத்தரம், பெரியது, இரண்டு உட்கரு உள்ளது என்று எல்லாப் படிநிலையும் ஒன்றிலிருந்து ஒன்று வந்ததுபோல் இருக்கும். பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு இடையே ஜன்னல்போல ஒரு வெளிச்ச இடைவெளியும் காணலாம். வந்து சேர்ந்த புற்றோ தனியாக நிற்கும். மீசோதீலியல் செல்லிலிருந்து அதற்கு மாறிச் செல்லும் படிநிலை இருக்காது. விளிம்பு வழவழப்பான உருண்டைக் கொத்துகள், சளி நிறைந்த குமிழ்கள் என அதற்கு அதன் முகம் உண்டு.

விடையை ஒரு வரியாகத் தாளில் எழுதுங்கள். 'இரண்டாவது கூட்டம் இருக்கிறது, அடினோகார்சினோமா (சுரப்பிச் செல் புற்று) என்று நினைக்கிறேன், எங்கிருந்து?' 'ஒரே கூட்டம்தான், ஆனால் அளவுக்கு மீறி இருக்கிறது, மீசோதீலியோமாவா (மீசோதீலியல் செல்லிலேயே எழும் புற்றா)?' 'தனிச் செல்கள், மேக்ரோஃபேஜா (கழிவை விழுங்கும் நல்ல செல்லா), லோபுலார் புற்றா?' இந்த வரி இல்லாமல் ஆன்டிபாடி கேட்டால் எட்டு ஸ்லைடு வந்து சேரும். அவை எதற்கு விடை என்று தெரியாது.

சில நீருக்கு மார்க்கரே வேண்டாம். சந்தேகமே இல்லாத மீசோதீலியல் செல்களும் கொஞ்சம் லிம்போசைட்டும் உள்ள, இதயச் செயலிழப்பு நோயாளியின் நீரில் இம்யூனோ போட்டால் செலவும் குழப்பமும்தான் மிஞ்சும்.

3. செல் பிளாக்கை அக்கறையோடு செய்யுங்கள்

மொத்த வேலையின் தரமும் இந்தப் படியில் தீர்மானமாகிறது. ஸ்மியர் மேலேயே இம்யூனோ போடலாம் என்றாலும் பின்புலம் அழுக்காக வரும், ஒரே ஸ்லைடைப் பல மார்க்கருக்குப் பங்கிட முடியாது, கன்ட்ரோலும் (விடை தெரிந்த ஒப்பீட்டு மாதிரி) அதே முறையில் தயாரிக்க வேண்டும். செல் பிளாக் திசுபோலவே நடந்துகொள்ளும். அதனால் திசுவுக்கு நிலைநிறுத்திய முறைகள் அப்படியே பொருந்தும்.

பிளாஸ்மா-த்ராம்பின் முறை எல்லா ஊரிலும் செய்யக் கூடியது. அடியில் தங்கிய செல்களைச் சலைனில் ஒருமுறை கழுவி மறுபடி சுற்றுங்கள். புரதம் மிகுந்த நீர் பின்புலத்தில் பழுப்புக் கறையாக வருவதைக் கழுவல் குறைக்கும். மேல்நீரை முழுதும் வடித்துவிட்டுச் செல் படிவின் மேல் சில சொட்டு பிளாஸ்மா விட்டுக் கலக்குங்கள். அதே அளவு த்ராம்பின் விட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். சில நிமிடத்தில் கூழ் இறுகி, குழாயைச் சாய்த்தால் ஒரே துண்டாக வழுக்கும். அந்தத் துண்டை வடிதாளில் மடித்து, கேசட்டில் வைத்து ஃபார்மலினில் போடுங்கள்.

கூழ் இறுகவில்லையா? நீரில் ஏற்கெனவே ஆல்கஹாலோ ஃபார்மலினோ கலந்திருக்கலாம், அல்லது சலைன் கழுவல் போதவில்லை. இன்னும் இரண்டு முறை கழுவிவிட்டு மறுபடி முயலுங்கள்.

ரத்த வங்கியின் காலாவதியான பிளாஸ்மாவைப் பயன்படுத்துவது வழக்கம். இம்யூனோவுக்கு அதில் குறையில்லை. ஆனால் அதே பிளாக்கில் பின்னால் மரபணுச் சோதனை செய்யப் போகிறீர்கள் என்றால், தானம் கொடுத்தவரின் டி.என்.ஏ.வும் சிறிது கலந்திருக்கும் என்பது ஆய்வகப் பதிவில் இருக்க வேண்டும்.

ஃபார்மலினில் இருக்கும் நேரத்தைக் குறித்து வையுங்கள். மார்பகப் புற்றின் சிகிச்சையைத் தீர்மானிக்கும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 பார்க்க வேண்டியிருந்தால் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் இருப்பது விதி. பிளாக் சின்னதுதானே என்று ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. உள்பகுதி ஃபார்மலினில் நிலைபெறாமல், பிறகு ஆல்கஹாலில்தான் நிலைபெறும். சில மார்க்கர்கள் அப்படிப்பட்ட செல்லில் மங்கிவிடும். ஆல்கஹால் முறையில்தான் பிளாக் செய்வோம் என்றால் ஒவ்வொரு ஆன்டிபாடியையும் அதே முறைப் பிளாக்குகளில் தனியே சோதித்துச் சரிபார்த்த பிறகே நம்ப வேண்டும்.

4. வெட்டும் வரிசையை முன்பே தீர்மானியுங்கள்

3 முதல் 4 மைக்ரான் கனத்தில் தொடர் வெட்டுகளாக எடுங்கள். முதல் வெட்டு எச்.ஈ. சாயத்துக்கு (செல்லின் உருவம் காட்டும் வழக்கமான சாயம்). அதைத் தொடர்ந்து ஒரே திசையில், ஒரே ஒழுங்கில், எண்ணிட்டு, சாயமிடாத பத்துப் பன்னிரண்டு ஸ்லைடுகள். கடைசி வெட்டு மறுபடி எச்.ஈ.

ஏன் ஒரே மூச்சில்? ஒவ்வொரு முறை பிளாக்கை மைக்ரோட்டோமில் ஏற்றும்போதும் முகத்தைச் சமப்படுத்தக் கொஞ்சம் மெழுகு வீணாகும். சின்னச் செல் பிளாக்கில் மூன்று முறை ஏற்றினால் புற்றுச் செல்லெல்லாம் குப்பையில் போயிருக்கும். கடைசி எச்.ஈ. எதற்கென்றால், நடுவில் வந்த மார்க்கர் ஸ்லைடுகளில் அந்தக் கொத்து இன்னும் இருந்ததா என்று உறுதி செய்ய. 'நெகட்டிவ்' என்பதும் 'செல்லே இல்லை' என்பதும் ஒன்றல்ல.

தொடர் வெட்டில் ஒரே திசையைக் காப்பதன் பயன் 7-ஆம் படியில் தெரியும்.

5. முதல் சுற்றுக்கு நான்கு மார்க்கர்

மீசோதீலியல் பக்கம் இரண்டு, கார்சினோமா (உறுப்புகளின் உட்பூச்சு, சுரப்பிச் செல்களில் எழும் புற்று) பக்கம் இரண்டு. மீசோதீலியோமா நோயறிதலுக்கான சர்வதேச வழிகாட்டுதலும் குறைந்தது இவ்வளவு வேண்டும் என்கிறது. எந்த மார்க்கரும் நூற்றுக்கு நூறு இல்லை. அதனால்தான் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டிரண்டு சாட்சி.

மீசோதீலியல் பக்கத்துக்குக் கால்ரெட்டினினும் டபிள்யூ.டி.1-உம் எடுக்கலாம். வயிற்று நீரில் சினைப்பை சார்ந்த புற்றுச் சந்தேகம் இருந்தால் டபிள்யூ.டி.1 ஒரு பொறி, ஏனென்றால் சினைப்பையின் சீரஸ் கார்சினோமாவும் அதில் பாசிட்டிவ். இன்னொரு மீசோதீலியல் மார்க்கரான டி2-40-ஐ மாற்றாக எடுத்தாலும் அந்தக் கட்டிகள் சில நேரம் அதிலும் சாயம் ஏற்கும். அங்கே கால்ரெட்டினினின் சொல்லுக்குத்தான் எடை அதிகம். நெஞ்சு நீரில் ஸ்குவாமஸ் புற்றுச் சந்தேகம் இருந்தால் சி.கே.5/6 உதவாது, மீசோதீலியல் செல், ஸ்குவாமஸ் புற்று இரண்டும் அதில் பாசிட்டிவ். அங்கே ஸ்குவாமஸ் மார்க்கரான பி40 சேருங்கள்.

கார்சினோமா பக்கத்துக்கு ஒரே ஒரு மார்க்கர்தான் வாங்க முடியும் என்றால் கிளாடின்-4 வாங்குங்கள். மீசோதீலியல் செல்லும் மேக்ரோஃபேஜும் அதை ஏற்பதில்லை. பெரும்பாலான கார்சினோமாக்கள் செல் விளிம்பில் தெளிவாக ஏற்கின்றன. பெர்-ஈ.பி.4 சில மீசோதீலியோமாக்களில் அங்கங்கே ஒட்டும். கிளாடின்-4-இல் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

இந்தச் சுற்றில் புதியவர்கள் விரும்பிச் சேர்க்கும் மூன்றை விட்டுவிடுங்கள்.

பான்-சைட்டோகெரட்டின்: மீசோதீலியல் செல்லும் பாசிட்டிவ், கார்சினோமாவும் பாசிட்டிவ். ஸ்லைடு முழுக்கப் பழுப்பைப் பார்த்து 'எபிதீலியல் செல் இருக்கிறது, ஆகவே புற்று' என்று ரிப்போர்ட் போனால் கல்லீரல் நோயாளிக்குப் புற்றுநோய் முத்திரை விழும். மெலனோமா, லிம்போமா பக்கம் சந்தேகம் திரும்பினால் மட்டுமே இதற்கு வேலை.

சி.கே.7: இதையும் மீசோதீலியல் செல் ஏற்கும். கார்சினோமா என்று முடிவான பிறகே சி.கே.7, சி.கே.20 ஜோடிக்குப் பொருள் வரும்.

வைமென்டின்: நீரில் மிதக்கும் கார்சினோமா செல்களும் இதை ஏற்கத் தொடங்கிவிடும். பிரித்துக் காட்டாது.

6. சாயமிடும்போது

சாயமிடும் முறை உங்கள் ஆய்வகத்தில் எழுதி வைத்தபடிதான். இங்கே சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். ஆன்டிஜென் மீட்புக்கு (ஃபார்மலின் மறைத்த புரதத்தைச் சூட்டில் வெளிக்கொணரும் படி) எந்த ஆன்டிபாடிக்கு பி.எச். 6 சிட்ரேட், எதற்கு பி.எச். 9 டிரிஸ்-ஈ.டி.டி.ஏ. என்று அட்டை ஒன்று தொட்டியின் மேலேயே ஒட்டியிருக்கட்டும். பிரஷர் குக்கரில் செய்கிறவர்கள் தானாக ஆறவிடாமல் குழாயடியில் வைத்தால் செல் பிளாக் கழன்று மிதக்கும். ரத்தம் கலந்த நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு படியைச் சுருக்காதீர்கள்; சிவப்பணுக்களே பழுப்பாகிவிடும்.

ஒவ்வொரு சுற்றிலும் பாசிட்டிவ் கன்ட்ரோல் ஒன்று, முதன்மை ஆன்டிபாடி விடாத நெகட்டிவ் கன்ட்ரோல் ஒன்று. பாசிட்டிவ் கன்ட்ரோலை முடிந்தால் செல் பிளாக்கிலிருந்தே எடுங்கள். முன்பு உறுதியான அடினோகார்சினோமா நீர், மீசோதீலியல் செல் மிகுந்த நீர் இரண்டையும் பெரிய பிளாக்காகச் செய்து வைத்துக்கொண்டால் பல மாதத்துக்கு வரும்.

7. ஒரே செல்லை எல்லா ஸ்லைடிலும் பின்தொடருங்கள்

புதியவர்கள் ஒவ்வொரு ஸ்லைடாக எடுத்து 'கால்ரெட்டினின் பாசிட்டிவ், கிளாடின்-4 பாசிட்டிவ், இரண்டும் பாசிட்டிவாக இருக்கிறதே' என்று குழம்புவார்கள். ஏறக்குறைய எல்லாப் புற்று நீரிலும் மீசோதீலியல் செல்லும் இருக்கும். ஆகவே ஸ்லைடு பாசிட்டிவா என்ற கேள்விக்கே பொருளில்லை. இந்தச் செல் பாசிட்டிவா என்று கேளுங்கள்.

செய்முறை: எச்.ஈ. ஸ்லைடில் சந்தேகக் கொத்துகளைப் பேனாவால் வட்டமிடுங்கள். அடுத்த ஸ்லைடைப் பக்கத்தில் வைத்து, பிளாக்கின் ஓர வளைவையும் ஏதாவது ஒரு பெரிய கொத்தையும் அடையாளமாகக் கொண்டு அதே இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு ஒவ்வொரு மார்க்கரிலும் அதே இடம். கால்ரெட்டினின் பழுப்பாக்கிய செல்களையும், மேக்ரோஃபேஜைக் காட்டும் சி.டி.68 பழுப்பாக்கிய செல்களையும், லிம்போசைட்டுகளையும் மனதில் கழித்துவிடுங்கள். எதிலும் கழியாமல் மிஞ்சி நிற்கும் கூட்டம்தான் இரண்டாவது கூட்டம். அந்தக் கூட்டத்தில் கிளாடின்-4 விழுந்திருந்தால் வழக்கு முடிந்தமாதிரி.

நிறம் செல்லின் எந்தப் பகுதியில் விழுந்தது என்று பார்ப்பதும் அவ்வளவே முக்கியம். கால்ரெட்டினின் உட்கருவிலும் சைட்டோபிளாசத்திலும் சேர்ந்து வர வேண்டும். சைட்டோபிளாசத்தில் மட்டும் மங்கலாக வந்தால் எண்ணாதீர்கள். டபிள்யூ.டி.1, டி.டி.எஃப்-1, காட்டா-3, பாக்ஸ்-8, சி.டி.எக்ஸ்-2 எல்லாம் உட்கருவில். கிளாடின்-4, எம்.ஓ.சி-31, டி2-40 செல் விளிம்பில். நாப்சின்-ஏ சைட்டோபிளாசத்தில், பொடிப்பொடியாக. இடம் தவறிய நிறம், எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும், நெகட்டிவ்தான்.

ஏமாற்றும் பழுப்புகளும் உண்டு. செத்த செல்கள், பிளாக்கின் ஓரம், மடிப்பு விழுந்த இடம் எல்லா ஆன்டிபாடியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மேக்ரோஃபேஜுக்குள் இருக்கும் பழைய ரத்தத்தின் இரும்புச்சத்து இயல்பாகவே பழுப்பு. நெகட்டிவ் கன்ட்ரோலில் அதே செல் பழுப்பாகத் தெரிந்தால் அது சாயம் இல்லை.

இதன் பிறகும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. எபிதீலியல் செல் என்று உறுதியானாலே புற்று ஆகிவிடாது. அறுவையின்போது வயிற்றைக் கழுவி எடுத்த நீரில் எண்டோசால்பிஞ்சியோசிஸ், எண்டோமெட்ரியோசிஸ் செல்கள் (இடம் மாறி வளரும் கருக்குழாய், கருப்பை உட்பூச்சுச் செல்கள்) வரலாம். அவை பெர்-ஈ.பி.4-உம் பாக்ஸ்-8-உம் ஏற்கும் நல்ல செல்கள். ஊசி வழியில் குடலையோ கல்லீரலையோ தொட்டிருந்தால் அந்தச் செல்களும் வந்து சேரும். ஆகவே மார்க்கர் குலத்தைச் சொன்ன பிறகு, கெட்டதா என்ற முடிவுக்கு மறுபடி ஸ்மியரில் உள்ள உருவத்துக்கே திரும்ப வேண்டும்.

8. கார்சினோமா உறுதியானால் ஊரைத் தேடுங்கள்

இந்தச் சுற்றை முதல் சுற்றோடு சேர்த்துப் போடாதீர்கள். காட்டா-3 சில மீசோதீலியல் செல்களிலும் விழும்; குலம் தெரியாமல் அதைப் பார்த்தால் இல்லாத மார்பகப் புற்றைக் கண்டுபிடிப்பீர்கள்.

நெஞ்சு நீரில் நுரையீரல், மார்பகம், லிம்போமா முன்னே நிற்கும். வயிற்று நீரில் பெண்களுக்குச் சினைப்பை, இரு பாலருக்கும் இரைப்பை, குடல், கணையம். நுரையீரலுக்கு டி.டி.எஃப்-1, நாப்சின்-ஏ; மார்பகத்துக்குக் காட்டா-3, ஈ.ஆர்.; சினைப்பைக்குப் பாக்ஸ்-8, டபிள்யூ.டி.1; பெருங்குடலுக்குச் சி.டி.எக்ஸ்-2, சாட்பி-2, சி.கே.20. கணையத்துக்கும் இரைப்பைக்கும் தனித்த நல்ல மார்க்கர் இல்லை. 'மேல் குடல்-கணையப் பகுதிக்குப் பொருந்துகிறது' என்று எழுதி ஸ்கேனுக்கும் எண்டோஸ்கோப்பிக்கும் அனுப்புவதே நேர்மை.

நுணுக்கமான பொறிகள் சில. டி-லிம்போசைட்டுகள் காட்டா-3 ஏற்கும். பல பாக்ஸ்-8 ஆன்டிபாடிகள் பி-லிம்போசைட்டையும் பிடிக்கும். லிம்போசைட் நிறைந்த நீரில் சின்ன உட்கருக்களின் பழுப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். நாப்சின்-ஏ மேக்ரோஃபேஜிலும் தெரியும். சிறுநீரகம், சினைப்பைக் கிளியர் செல் கட்டிகளிலும் வரும்.

ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். 54 வயதுப் பெண், சில ஆண்டுக்கு முன் மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை. இப்போது வயிறு வீங்கி, நீர் எடுத்தார்கள். ஸ்கேனில் சினைப்பைப் பக்கம் கட்டி. ஸ்மியரில் வழவழப்பான விளிம்புள்ள கொத்துகள், பெரிய உட்கரு. எழுதிய கேள்வி: மார்பகம் திரும்பியதா, சினைப்பையில் புதிதா?

முதல் சுற்றில் கொத்துகளில் கிளாடின்-4, எம்.ஓ.சி-31 பாசிட்டிவ், கால்ரெட்டினின் நெகட்டிவ், டபிள்யூ.டி.1 பாசிட்டிவ். டபிள்யூ.டி.1-ஐ மட்டும் பிடித்துக்கொண்டால் மீசோதீலியல் என்று தடுமாறலாம். மற்ற மூன்றும் ஒரே குரலில் கார்சினோமா என்கின்றன. அடுத்து ஈ.ஆர். போட்டுப் பாசிட்டிவ் வந்ததும் 'மார்பகம்' என்று முடிக்கும் ஆசை வரும். சீரஸ் கார்சினோமாவும் ஈ.ஆர். ஏற்கும் என்பதால் அது எதையும் பிரிக்கவில்லை. பிரிப்பது பாக்ஸ்-8-உம் காட்டா-3-உம். பாக்ஸ்-8 உட்கருவில் பலமாக, காட்டா-3 இல்லை, பி53 எல்லா உட்கருவிலும் அடர்த்தியாக. சினைப்பை-கருக்குழாயின் உயர்தரச் சீரஸ் கார்சினோமா. சிகிச்சை முழுக்க வேறு. மார்பகமும் சினைப்பையும் ஒருவருக்கே வந்ததால் பி.ஆர்.சி.ஏ. மரபணுச் சோதனை பற்றிய ஒரு வரியும் ரிப்போர்ட்டில் சேர வேண்டும். அது அவர் மகளுக்கும் சகோதரிக்கும் பயன்படும் வரி.

9. எல்லாமே மீசோதீலியல் என்று வந்தால்

கால்ரெட்டினின், டபிள்யூ.டி.1 இரண்டும் எல்லாச் செல்லிலும். கிளாடின்-4 எங்கும் இல்லை. இனி கேள்வி, எரிச்சலா மீசோதீலியோமாவா என்பது. இதுவரை போட்ட மார்க்கர்கள் எதுவும் இதற்கு விடை சொல்லாது.

இங்கே மட்டும்தான் மார்க்கர் கெட்டது எது என்று சொல்லும் நிலைக்கு வருகிறது. பி.ஏ.பி.1 இயல்பான செல்லின் உட்கருவில் இருக்கும்; மீசோதீலியோமாக்கள் பலவற்றில் காணாமல் போகும். எம்.டி.ஏ.பி. சைட்டோபிளாசத்தில் இருக்க வேண்டும், சி.டி.கே.என்.2ஏ மரபணு அழிந்த கட்டிகளில் பக்கத்திலுள்ள இதுவும் சேர்ந்து அழிவதால் காணாமல் போகும். நிறம் இல்லாததே இங்கே விடை. அதனால் அதே ஸ்லைடில் லிம்போசைட்டுகளும் மேக்ரோஃபேஜுகளும் பழுப்பாக நிற்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அவையும் வெளுத்திருந்தால் சாயமே வேலை செய்யவில்லை. அந்த ஸ்லைடைப் படிக்காதீர்கள்.

இவற்றில் ஏதாவது ஒன்று தெளிவாக இழக்கப்பட்டிருந்தால், மீசோதீலியல் என்று உறுதியான செல்லில், அது மீசோதீலியோமாவுக்கு வலுவான சான்று. இரண்டும் இருந்தால் மீசோதீலியோமா இல்லை என்று பொருளாகாது. பி.ஏ.பி.1 இழப்பு சிறுநீரகக் கிளியர் செல் கார்சினோமா போன்ற பிற கட்டிகளிலும் வருவதால், குலத்தை உறுதி செய்யாமல் இதை முதலில் போடுவது தவறு.

டெஸ்மின் இருந்தால் எரிச்சல், ஈ.எம்.ஏ. இருந்தால் மீசோதீலியோமா என்ற பழைய கணக்கு ஒரு சாய்வைக் காட்டும். அதை மட்டும் வைத்து ஒருவருக்கு மீசோதீலியோமா என்று எழுதாதீர்கள்.

10. நீரில் அளக்கும் ரசாயன மார்க்கர்களை அளவோடு நம்புங்கள்

சினைப்பைப் புற்றுக்குப் பார்க்கும் சி.ஏ.125-ஐ வயிற்று நீரில் கேட்காதீர்கள். எரிச்சலடைந்த மீசோதீலியல் செல்லே அதைச் சுரக்கும். கல்லீரல் சுருக்கத்திலும் வயிற்றுக் காசநோயிலும் எண் எகிறும். அதைப் பார்த்துச் சினைப்பைப் புற்று என்று இளம்பெண்களை அலைக்கழித்த கதைகள் மருத்துவர்கள் பலருக்கும் தெரியும்.

சி.இ.ஏ. கொஞ்சம் மேல். மிக அதிகமாக இருந்தால் அடினோகார்சினோமா பக்கம் சாயும்; மீசோதீலியோமாவில் பொதுவாக உயராது. சீழ் கோத்த நெஞ்சிலும் உயரலாம் என்பதால் செல்லைக் காணாமல் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

காசநோய் பரவலாக உள்ள நம் ஊரில் ஏ.டி.ஏ. (அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதி) கட்டாயம் பார்க்க வேண்டியது. லிட்டருக்கு 40 யூனிட்டுக்கு மேல், லிம்போசைட் மிகுந்து, மீசோதீலியல் செல் அரிதாக இருந்தால் காசநோய்ப் பக்கம் கனம் கூடும். ஆனால் லிம்போமாவும் ஏ.டி.ஏ.வை உயர்த்தும். காசநோய் மருந்து தொடங்கியும் நீர் குறையாத முதியவரிடம் அந்த லிம்போசைட்டுகளுக்கு டி, பி வகை மார்க்கர்களான சி.டி.3, சி.டி.20 போட்டுப் பாருங்கள். புதிய நீர் கிடைத்தால் ஃப்ளோ சைட்டோமெட்ரி இன்னும் நல்லது.

11. ரிப்போர்ட் எழுதுவதும், பிளாக்கை மிச்சம் வைப்பதும்

2020-இல் வந்த சர்வதேச முறை ஐந்து வகை தருகிறது: போதாத மாதிரி, புற்று காணப்படவில்லை, பொருள் தெளிவில்லாத மாற்றம், புற்று சந்தேகம், புற்று உறுதி. உங்கள் முடிவை இவற்றில் ஒன்றில் வையுங்கள். அதன் கீழே எந்தச் செல்லில் எந்த மார்க்கர் எப்படி வந்தது என்று எழுதுங்கள். 'கால்ரெட்டினின் பாசிட்டிவ்' என்று விட்டுவிடாமல் 'பின்புல மீசோதீலியல் செல்களில் பாசிட்டிவ், சந்தேகக் கொத்துகளில் நெகட்டிவ்' என்று எழுதினால்தான் படிப்பவருக்குப் புரியும்.

நுரையீரல் அடினோகார்சினோமா என்றால் உங்கள் வேலை அத்தோடு முடியவில்லை. நெஞ்சு நீரில் புற்றுச் செல் வந்தாலே அது நான்காம் நிலை. பல நேரம் இந்தப் பிளாக்தான் அந்த நோயாளியிடம் கிடைக்கும் ஒரே திசு. மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., ராஸ்-1, பி.டி.-எல்1 எல்லாம் இதில்தான் பார்க்க வேண்டும். பி.டி.-எல்1-க்குக் குறைந்தது 100 புற்றுச் செல் தேவை. டி.டி.எஃப்-1 பலமாக வந்த பிறகு ஆசைக்காக இன்னும் நான்கு மார்க்கர் போட்டுப் பிளாக்கைத் தீர்த்துவிட்டால் அவருக்கு மாத்திரையில் கட்டுப்படக் கூடிய நோயா என்று அறியும் வழி போய்விடும். எண்ணிட்டு வைத்த ஸ்லைடுகளில் பாதியைத் தொடாமல் வையுங்கள். எத்தனை மிச்சம், பிளாக்கில் புற்றுச் செல் ஏறக்குறைய எத்தனை சதவீதம் என்று ரிப்போர்ட்டின் கடைசி வரியில் குறியுங்கள்.

செல் போதவில்லை என்றால் இருப்பதை வைத்து இழுத்துப் பறிக்காமல் மறுபடி நீர் கேளுங்கள். நெஞ்சு நீரில் முதல் முறை எடுப்பதில் புற்று தெரிவது ஏறக்குறைய 60 சதவீதம்தான். இரண்டாம் முறை நல்ல பலன் கூடும், மூன்றாவதில் கூடுதல் மிகக் குறைவு. கோத்த நீரை முதலில் வடித்துவிட்டால் சில நாள் கழித்துச் சேரும் புதிய நீரில் செத்த செல் குறைந்து, புதுச் செல்கள் இருக்கும். அந்த நீரை 100 மி.லி.க்குக் குறையாமல், ஹெப்பாரின் பாத்திரத்தில், ஸ்பிரிட் சேர்க்காமல், எடுத்த அன்றே அனுப்பச் சொல்லி வார்டுக்கு எழுத்தில் கொடுங்கள். இரண்டாவது முறையும் தெளிவில்லை, ஆனால் சந்தேகம் வலுவாக இருக்கிறது என்றால் தோராகோஸ்கோப்பி (நெஞ்சுக்குள் கேமராக் குழாய் செலுத்திப் பார்ப்பது) மூலம் உறையிலிருந்தே திசு எடுக்கப் பரிந்துரையுங்கள்.